பெயருக்கு வந்த சாப்பாடு

அந்த உறையைக் கூரியர்க்காரர் கொண்டுவந்தபோது நான் முந்தலில் என் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இறால் பண்ணைக் குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் உண்டு. அவற்றின் மோட்டர் எரிந்துபோனால் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். கூரியர்க்காரர் என் பெயரை முதலெழுத்தோடு வாசித்து, "நீங்கதானே?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் அட்டையும் ஒரு கடிதமும் இருந்தன. எத்தாளைக்கு அப்பால் கடற்கரையில் உள்ள ஒரு ஹோட்டலின் கிஃப்ட் கார்ட். சாப்பாட்டுக்கான காசு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. வருகிற புதன்கிழமை மதியம் எனக்கும் என் மனைவிக்கும் மேசை ஒதுக்கியிருப்பதாகவும், அட்டையைக் கொண்டுவந்தால் போதும் என்றும் கடிதம் சொன்னது. அனுப்பியவரின் பெயர் எங்கேயும் இல்லை.

யாரென்று நானாகவே ஊகித்துக்கொண்டேன். அதற்கு முந்தைய மாதம் ஒரு பண்ணையில் ஐந்து மோட்டர் ஒன்றாக எரிந்து, இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல் நின்று சுற்றிக் கொடுத்திருந்தேன். அந்த முதலாளி நேரில் நன்றி சொல்லத் தெரியாத மனிதர். அவர்தான் இப்படிச் செய்திருப்பார் என்று நினைத்தேன். தொலைபேசியில் கேட்க வெட்கமாக இருந்தது.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"அனுப்பினவர்ட பேர் இல்லாம ஒரு சாமான் வந்தா அதை என்னண்டு எடுக்கிறது?"

"சாமான் இல்ல, சாப்பாடு."

"அது இன்னும் மோசம்," என்றாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் சேலையை எடுத்து அயன் பண்ணி வைத்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போய் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டதில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறியதுமே ஏதோ குறைகிறது போல் இருந்தது. என்னவென்று மாம்புரி வந்தபோதுதான் தெரிந்தது. காற்று இல்லை. கற்பிட்டித் தீபகற்பத்தில் காற்று இல்லாத பகலை நான் அதற்கு முன் கண்டதில்லை. தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று தொடங்காத இடைக்காலமாக இருக்கலாம். கடற்கரையோரம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. தென்னோலைகள் அசையவில்லை. மனைவி என் தோளில் கையை வைத்து, "என்னது, எல்லாம் நிண்டு போச்சு," என்றாள்.

ஹோட்டல் வளவில் ஒரு வாகனமும் இல்லை. காற்றில் பட்டம் கட்டிக் கடலில் ஓடி விளையாடும் வெள்ளைக்காரர்கள் வருகிற இடம் அது. காற்றில்லாத மாதத்தில் அவர்களும் வரமாட்டார்கள். மணலைக் கூட்டிக் கோடு கோடாக விட்டிருந்தார்கள். அதில் ஒரு காலடியும் இல்லை. சாப்பாட்டுக்கூடம் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. முப்பது மேசைகளாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் கோப்பைகளும், கூம்பாக மடித்து நிறுத்திய வெள்ளைத் துணிகளும் தயாராக இருந்தன. சாப்பிட ஒருவரும் இல்லை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெயிட்டர் உள்ளேயிருந்து வந்தார். கற்பிட்டி முஸ்லிம் ஆள் என்று பேச்சில் தெரிந்தது. அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர் உடப்பா?"

"ஓம்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இருந்த ஒரு மேசைக்குக் கூட்டிப்போனார். அதில் ஒரு கதிரையை இழுத்து, "சேர் இந்தக் கதிரையில இருங்க. மெடம் விரும்பின இடத்தில இருக்கலாம்," என்றார்.

மனைவி சிரித்தாள். "ஏன், அவருக்கு மட்டும் கதிரை குறிச்சிருக்கா?"

"அப்பிடித்தான் செல்லியிருக்காங்க, மெடம்."

அவளுக்கு மெனு அட்டை கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. என் பீங்கான் மேல் ஒரு வாழையிலைத் துண்டை விரித்தார். அப்படிப்பட்ட ஹோட்டலில் வாழையிலை எதற்கு என்று நினைத்தேன், ஆனால் கேட்கவில்லை. சோறு வந்தது. முருங்கைக்காய் போட்ட இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், பொரித்த கத்தரிக்காய், அப்பளம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ருசியான சாப்பாடு. நான் சந்தோஷமாகவே சாப்பிட்டேன். வெயிட்டர் சற்றுத் தள்ளித் தூணோரம் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கடைசியில் ஒரு சின்னப் பீங்கானைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் இரண்டு துண்டுப் பாண் இருந்தது. மாஜரீன் பூசி, மேலே சீனி தூவியிருந்தது.

"இதென்ன, பள்ளிக்கூடப் பிள்ளையின்ட சாப்பாடு," என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாணை நான் அறிவேன்.

உடப்பில் என் வயதில், என் பெயரிலேயே இன்னொருவன் இருந்தான். முதலெழுத்தும் ஒன்று. இருவரும் ஒரே வகுப்பு. வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். இடைவேளைக்கு அவன் எந்த நாளும் பேப்பரில் சுற்றிய இரண்டு துண்டுப் பாண்தான் கொண்டுவருவான். மாஜரீனும் சீனியும். வளர்ந்து கடலுக்குப் போன காலத்திலும் அதையே கட்டிக்கொண்டு போகிறான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

பதினொரு வருடங்களுக்கு முன்னர் அவன் கற்பிட்டிப் பக்கத்தில் மீனவர்கள் கடற்கரையில் போடும் குடிசையான வாடி ஒன்றில் தங்கி, முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுக்கப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் மன்னாரில் நிற்பதாகச் சொல்லியிருந்தான். அந்த வேலைக்கு அவன் தாய் பயப்படுவார் என்பதால் அந்தப் பொய். அதே வாரம் நானும் ஒரு பம்ப் திருத்தக் கற்பிட்டிக்குப் போயிருந்தேன். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தவன் கரையில் ஏறி இறந்துபோனான். ஊருக்குப் போன செய்தியில் ஒரு பெயரும் கற்பிட்டி என்ற ஊரும் மட்டுமே இருந்தன. கேட்டவர்கள் நேரே என் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் ஏறியிருந்தவர் என்னைக் கண்டதும் கயிற்றைக் கைவிட்டார். வீடு நிறையச் சனம். நடுவில் என் அம்மா கிடந்தார். அம்மாவைத் தோளில் சாய்த்துப் பிடித்து, எனக்காக அழுதுகொண்டிருந்தவர் அவனுடைய தாய்.

அம்மா எழுந்து வந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். சனம் என்னைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அவனுடைய தாயைப் பார்த்தார்கள். ஊரில் அந்தப் பெயருக்கு இரண்டே பேர்தான். நான் உயிரோடு வந்து நிற்கிறேன். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கடிதம் வாசிப்பதுபோல் பார்த்தார். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டுக்கு நடந்தார். கட்டிய கொடிகளை அவிழ்த்து அவர் ஒழுங்கைக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வருடம் அவர் கனடாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். நான் அவரோடு அதற்குப் பிறகு கதைத்ததில்லை.

பாணைத் தின்றேன். ஏன் தின்றேன் என்று மனைவி பிறகு பல தடவை கேட்டாள். வைத்துவிட்டு எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். சீனி பல்லில் நறநறவென்றது.

வெயிட்டர் அட்டையை ஒரு சின்ன இயந்திரத்தில் இழுத்து, வந்த துண்டில் கையெழுத்துக் கேட்டார். "சரியா முடிஞ்சிட்டு. மிச்சம் ஒண்டுமில்ல," என்றார். துண்டில் என் பெயர் இருந்தது. அதன் கீழே, அனுப்பியவர் என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று இருந்தது.

மனைவியிடம் நீட்டினேன். அவள் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இது ஆரு அனுப்பினது?" என்று வெயிட்டரைக் கேட்டேன்.

"ஒங்கட அம்மாதான் சேர். காலையில ரெண்டு தரம் கோல் எடுத்தாங்க. சேர் வந்தீங்களா, சாப்பிட்டீங்களா எண்டு கேட்டாங்க."

"என்ட அம்மா செத்து நாலு வருசம்."

அவருடைய உதடுகள் எதையோ ஓதுவதுபோல் அசைந்தன. அந்த நேரம் உள்ளே தொலைபேசி அடித்தது. அவர் போய் எடுத்து, "ஓம், வந்தாங்க. ஓம், எல்லாம் சாப்பிட்டாங்க," என்று சொல்வது கேட்டது. பிறகு கம்பியில்லாத அந்தப் போனை அப்படியே என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

போனில் ஒரு பெண்குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வயதான குரல்.

"சாப்பிட்டியாடா?"

"ஓம்."

"பாணும் தின்டியா?"

"ஓம்."

"மிச்சம் வைச்சியா?"

"இல்லை."

"அப்ப சரி," என்று ஒரு நீண்ட மூச்சு வந்தது. "எவ்வளவு நாளாடா பசியோட நிண்டாய்."

"ஆரு கதைக்கிறது?" என்றேன்.

"நான்தான்டா."

அப்போது குரல் பிடிபட்டது, அவனுடைய தாயின் குரல். "மாமியா?"

"ஓம் தம்பி," என்றார். குரல் வேறாகிவிட்டது. அதுவரை அவர் என்னோடு கதைக்கவில்லை என்று அந்த 'தம்பி'யில் எனக்கு விளங்கியது. யாரோ உள்ளே வருகிற நேரத்தில் நான் கதவைச் சாத்திவிட்டதுபோல் இருந்தது.

எல்லாவற்றையும் நிதானமாகவே சொன்னார். அன்று அவனுடைய திதி. கனடாவில் ஒவ்வொரு வருடமும் கோயிலில் செய்வார்கள். வீட்டிலும் படைத்து, பல்கனியில் சோறு வைப்பார்களாம். அந்தக் குளிரில் ஒரு காகம் வராதாம். "பதினொரு வருசமாக் கனவில வந்து பசிக்குது எண்டு நிக்கிறான் தம்பி. வேற ஒண்டும் சொல்லுறானில்ல. அவன் செத்த அந்த வாடி நிண்ட இடத்திலதான் இப்ப ஹோட்டல் கட்டியிருக்காங்க எண்டு மகள் கம்பியூட்டர்ல பார்த்துச் சொன்னா. இப்பிடி அட்டை அனுப்பிச் சாப்பாடு குடுக்கலாம் எண்டும் சொன்னா. அந்தப் பேருக்கு, அந்த இடத்தில, அவனுக்குப் பிடிச்சது போனாப் போதும் எண்டு மனசில பட்டுது."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே மாமி."

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது நுரைச்சோலை தாண்டியதும் மனைவி பின்னாலிருந்து, "கடல் உங்கட வலப்பக்கம் இருந்தது. தெற்குப் பார்த்து இருத்தி, இலை போட்டு உங்களுக்குப் படைச்சிருக்காங்க," என்றாள். சாலையோரம் நிறுத்தி வாந்தி எடுத்தேன். சாப்பிட்ட எதுவும் வரவில்லை. வெறும் தண்ணீர்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் என்னை உள்ளே விடவில்லை. துடக்குக்குச் செய்வதுபோல் கிணற்றடியில் உடுத்த உடுப்போடு நிறுத்தி, வாளி வாளியாக ஊற்றினாள். தானும் ஊற்றிக்கொண்டாள். மறுநாள் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் நூல் கட்டுவித்தாள். பூசாரியாரிடம் நடந்ததைச் சொல்லவில்லை. பயந்துட்டார் என்று மட்டும் சொன்னாள்.

எனக்குக் கோபம்தான் இருந்தது. கேட்காமல் என்னைச் செத்தவனாக்கி உட்கார வைத்துவிட்டார் என்று. ஆனால் கோபப்படத் தொடங்கினால், தோளில் என் அம்மாவைச் சாய்த்துக்கொண்டு எனக்காக அழுத அந்த முகம் வந்து நிற்கும். கோபம் நீடிக்காது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவனுடைய தங்கை கனடாவிலிருந்து கோல் எடுத்தாள். மன்னிப்புக் கேட்டாள். "அம்மா இப்ப நல்லா நித்திரை கொள்ளுறா அண்ணா. கனவு வரேல்லையாம்," என்றாள். ஒரு வருடம் அப்படியே போனது. அடுத்த திதிக்குச் சில நாள் முன்னர் அவள் மறுபடி எடுத்தாள். கனவு திரும்ப வரத் தொடங்கிவிட்டதாம். "அம்மா கேக்கச் சொன்னா. நீங்க ஏலாது எண்டாலும் பரவாயில்ல."

மனைவியிடம் சொன்னேன். "போறதெண்டாப் போங்க. ஆனா எல்லாம் தெரிஞ்சு போறீங்க. நான் வரமாட்டன்," என்றாள்.

இந்தத் தடவை அட்டை கைக்கு வந்தபோது யாருடையது என்று தெரிந்தே வாங்கினேன். தனியாகப் போனேன். அன்று காற்று இருந்தது, காற்றாலைகள் சுற்றின. கூடத்தில் இரண்டு மூன்று மேசைகளில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். அதே வெயிட்டர் அதே மூலைக்குக் கூட்டிப்போனார். இலையை விரித்தவர் நகராமல் நின்றார்.

"சேர், ஒரு விசயம் செல்லணும். அந்த வாடியில நானும் நிண்டன். போட் ஓட்டின ஆள் நான்தான்."

"போன வருசம் ஏன் சொல்லல்ல?"

"பயந்துட்டன் சேர். அதே பேரு, அதே ஊரு." அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு மேல வந்து நல்லாத்தான் இருந்தாரு. சிரிச்சாரு. கை கொஞ்சம் விறைக்கிது எண்டாரு. பொறகு, பசிக்குது, பாண் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க எண்டாரு. நான்தான் கடைக்குப் போன. சீனியும் வாங்கிட்டு வரக்குள்ள மௌத்தாப் போயிட்டாரு."

"இதை அவன்ட அம்மாவுக்குச் சொன்னீங்களா?"

"ஒத்தருக்கும் செல்லல்ல சேர். ஒங்களுக்குத்தான் மொதல்ல."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் வந்து பசிக்குது என்று நிற்கிறான் என அந்தத் தாய் சொன்னது காதில் கேட்டது. அவன் பசியோடு போனதை அவருக்குச் சொல்ல யாரும் இருந்திருக்கவில்லை.

சாப்பிட்டேன். சோறு, இறால், கணவாய், கத்தரிக்காய். பாணையும் கடைசித் துணுக்குவரை தின்றேன். அட்டையை இழுத்து, துண்டில் கையெழுத்துப் போட்டு முடிக்கையில் போன் வந்தது. வெயிட்டர் என்னிடம் தந்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

அவனுடைய தாய் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "சாப்பிட்டியாடா?"

"ஓம்," என்றேன். மாமி என்று சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் கதைக்கத் தொடங்கினார். தங்கச்சிக்கு இரண்டாவதும் பொம்பிளைப் பிள்ளை என்றார். அங்கே பனி கொட்டினால் வெளியே போக ஏலாது என்றார். வீட்டுக் காணியை விற்கவில்லை, அது அப்படியே இருக்கிறது என்றார். மன்னாருக்குப் போறன் எண்டு ஏன்டா பொய் சொன்னாய் என்று ஒரு தடவை கேட்டார். நான் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். கடைசியில், "சரி, வைக்கிறன்டா," என்று அவராகவே வைத்தார். ஒரு தடவைகூடத் தம்பி என்று சொல்லவில்லை.

வெயிட்டரிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மாம்புரி வருவதற்குள் வயிற்றில் ஏதோ செய்தது. முதலில் போன வருடம்போல் வாந்தி என்று நினைத்தேன். அது பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவனுக்கு வருகிற பசி. ஹாண்டிலைப் பிடிக்க முடியவில்லை. வீதியோரம் ஒரு பொம்பிளை தகரக் கொட்டிலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இறங்கி, அங்கேயே மர வாங்கில் உட்கார்ந்து, கட்டைச்சம்பலோடு ஐந்து ரொட்டி சாப்பிட்டேன். ஆறாவதும் கேட்டேன்.

அவர் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மகன் பகல் சாப்பிடல்லையா?"

"இல்லை," என்றேன். அதைச் சொல்லும்போது பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை.